குதிரைகளை நீ வைக்கச் சொன்ன இடம்

நேற்று உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா உன் பெட்டியை என் அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அலுவலகம் என்றால் உனக்குத் தெரியாததா? கீரனூரில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்ப்யூட்டர், பாதி நாள் மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு கிரயப் பத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் விட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். வார்னிஷ் வாசனை குப்பென்று வந்தது. நீ இல்லாமல் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அந்த வாசனைக்கு அது தெரியவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அரிமளத்துக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, கொலு பொம்மையா?" என்று கேட்டார்.

"இல்லங்க, படை" என்றேன். பத்திரம் எழுதுகிறவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டால் தன் நிலம் என்ன ஆகும் என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

ஸ்டெல்லா போகும்போது, "புள்ளைங்க கைபட்டா ஒடச்சுப்புடும்ண்ணே. ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அவள் பஸ் ஏறும்வரை கூடப் போய் நின்றேன்.

பஞ்சில் குழி குழியாக வெட்டி, ஒவ்வொருவரையும் அவரவர் குழிக்குள் படுக்க வைத்திருந்தாய். அறுபத்திரண்டு காலாட்கள், எட்டுக் குதிரை வீரர்கள், இரண்டு பீரங்கிகள். ஆளுக்கு என் கட்டைவிரலின் மேல்கணு உயரம். பாளையப் படை. தலைப்பாகைக்கு ஒரு நிறம், அதன் ஓரத்துக்கு ஒரு நிறம், மீசைக்கு ஒற்றை மயிர்த் தூரிகை. சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடம் கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட இருந்தவர்கள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள் கூடும் தேக்காவுக்குப் போக, நீ மட்டும் எங்கோ ஒரு மாடிக் கடையில் சீனர்களோடு மேசையைச் சுற்றி நின்று இந்தப் பொம்மைகளை நகர்த்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். ஊருக்குத் திரும்பியபோது ஒரு பெட்டியில் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் இருந்தன. இன்னொரு பெட்டி முழுக்க இவர்கள்தான். உன் அம்மா வாசலில் நின்று, "ரெண்டு பொட்டப்புள்ளைக்கு அப்பன், பொம்மையத் தூக்கிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்று தெருவுக்கே அறிவித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. நீ ஆவூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாய், நான் குன்றாண்டார்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருவேன். அப்போதெல்லாம் உனக்காக வாத்தியாரிடம் பொய் சொன்னது நான்தான். ஊர் திரும்பியதும் விளையாட ஆள் வேண்டும் என்று என்னைத்தான் பிடித்தாய். உன் வீட்டு மாடியில் ஆறடிக்கு நாலடி பலகை. தெர்மாகோலில் திருமயம் கோட்டை செய்து வைத்திருந்தாய். டேப்பை வைத்து அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்த வேண்டும், தாயக்கட்டை உருட்டி அடிக்க வேண்டும். ஐந்து சுற்று முடிவில் யார் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்களோ அதற்குப் புள்ளி. முதல் ஒரு வருடம் உன்னிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். நான் அவசரமாகக் கையை நீட்டும்போதெல்லாம் என் மணிக்கட்டைத் தட்டிவிடுவாய்.

"மாப்ள, மொதல்ல எங்க போறேன்னு சொல்லு. அப்பறம் தொடு."

எதிராளிக்கு நம் எண்ணத்தைச் சொல்லிவிட்டு நகர்த்துவதுதான் மரியாதை என்பாய். எதிராளிக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பிறகு உன் கையிலிருந்து தூரிகை நழுவத் தொடங்கியது. "கப்பலுக்கு அடிச்ச கை, இப்ப லீவு கேக்குது" என்று சிரித்தாய். திருச்சியில் டாக்டர் உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு ஸ்டெல்லாவிடமும் என்னிடமும் பேசினார். நரம்பு நோய், கையில் ஆரம்பித்துக் காலுக்கும் நாக்குக்கும் மூச்சுக்கும் வரும், திருப்ப முடியாது. நாங்கள் வெளியே வந்து என்ன சொல்லலாம் என்று விழித்துக்கொண்டிருந்தபோது நீயே, "எவ்வளவு நாளாம்?" என்று கேட்டாய். ஸ்டெல்லா உன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நான் ஏதேதோ பேசினேன். என்ன பேசினேன் என்று ஒன்றுகூட ஞாபகமில்லை.

ஒன்றரை வருடத்தில் கை இரண்டும் மடியில் கிடந்தன. வார்த்தைகள் வாய்க்குள்ளேயே குழைந்தன. உன் பேச்சு எனக்கு அத்துப்படி என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். யாராவது வந்தால் நீ பேசுவாய், நான் எடுத்துச் சொல்வேன். ஸ்டெல்லாகூடச் சில நேரம் என் முகத்தைப் பார்ப்பாள். என் தொழிலே அதுதானே. இழுத்து இழுத்து, முன்னுக்குப் பின்னாகச் சொல்கிறவர்களின் மனதில் இருப்பதைப் பிடித்து நாலு வரியில் எழுதுகிறவன் நான். அவர்கள் வாயைத் திறக்கும்போதே எனக்கு முடிவு தெரிந்துவிடும் என்று நினைப்பு.

அந்த நேரத்தில்தான் புதுக்கோட்டையில் இந்த ஆட்டத்துக்குப் போட்டி நடக்கப்போவதாகத் தகவல் வந்தது. மதுரை, கோவை, சென்னையிலிருந்தெல்லாம் மொத்தம் பதினாறு பேர், ஒரே நாளில் மூன்று ஆட்டம். உன் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நானே நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டேன். நடுவராக வந்தவர் திருச்சியில் இன்ஜினியர், நல்ல மனிதர். உதவியாளர் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அன்று காலை மண்டபத்தில் உன் சக்கர நாற்காலிக்கு முன்னால் நின்று என்னிடம் அதைத் திருத்தமாகச் சொன்னார்.

"கை ஒங்களோடதுங்க. யோசனை அவரோடது. ரெண்டையும் கலந்துடாதீங்க."

நான் பலமாகத் தலையாட்டினேன்.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. பந்தி மேசைகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நம் மேசையின் ஒரு கால் குட்டை. பேப்பரை மடித்து அடியில் சொருகினேன். முதல் ஆட்டம் கோவைக்காரரிடம் தோற்றோம். இரண்டாவதில் சென்னைப் பையன்களில் ஒருவனை நீ ஓட ஓட விரட்டினாய். நீ சொல்லச் சொல்ல நான் வைத்தேன். அரை அங்குலம் பிசகினாலும் "ம்" என்பாய், திருத்துவேன். அந்த இரண்டு ஆட்டத்திலும் நான் நிஜமாகவே உன் கையாகத்தான் இருந்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மூன்றாவது ஆட்டம் நிவேதாவோடு. மதுரையில் பல் டாக்டர். பல்லைக் குடையும் கருவிகள் வரும் பெட்டியில்தான் தன் படையை அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். சிவப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரக் கும்பினிப் படை. உன் படையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஒங்க புதுக்கோட்டை அப்ப கும்பினி பக்கம் நின்னது எங்களுக்குத் தெரியும் சார். படைய மாத்திக் கொண்டாந்திட்டீங்களா?" என்றாள். நீ குலுங்கிச் சிரித்தாய். வாயோரம் வழிந்ததை நான் துடைத்துவிட்டேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

நான்காவது சுற்று. மேசையின் நடுவே ஒரு மேடு. அதைப் பிடிக்கிறவருக்கு மூன்று புள்ளி. அவளுடைய ஆட்கள் அதைவிட்டு ஒதுங்கியிருந்தார்கள், மேடு காலியாகக் கிடந்தது. உன் எட்டுக் குதிரைகளும் மேட்டுக்கு எட்டும் தூரத்தில் நின்றன. ஏறி உட்கார்ந்துவிட்டால் ஜெயம். மூன்றாவது இடமும், மேடையில் ஒரு கேடயமும். பின்வரிசை நாற்காலியில் ஸ்டெல்லா பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இது உன் கடைசிப் போட்டி என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நீ சொன்னாய்: "தோப்புக்குப் பின்னாடி. இங்கிட்டு. பீரங்கிக்கு."

இடது கோடியில், பொம்மை மரங்கள் நட்ட தோப்புக்கு அப்பால், அவளுடைய பீரங்கி. அதற்கு முன்னால் திறந்த வெளி. அங்கே போனால் குதிரைகள் பாதி போய்விடும், அடித்துப் பிடித்தாலும் புள்ளி கிடையாது. ஏன் அதைக் கேட்டாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குதிரை குதிரையாக ஓட வேண்டும் என்று நினைத்தாயோ, அவள் மேட்டைக் காலி செய்ததில் ஒரு சூழ்ச்சி இருப்பதாகப் பட்டதோ. நான் காரணம் கேட்கவில்லை. நன்றாகக் காதில் விழுந்தது, நன்றாகப் புரிந்தது. எட்டுக் குதிரைகளையும் எடுத்து மேட்டின் மேல் வைத்தேன்.

"இல்ல" என்றாய்.

நான் குனிந்து உன் வாயருகே காதை வைத்தேன், கேட்பதுபோல. பிறகு நிமிர்ந்து, மேசைக்கே கேட்கும்படி, "சரி, மேடுதான்" என்றேன். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை எட்டித் தட்டினேன். தட்டிவிட்டால் அந்த முறை முடிந்தது, திருப்பி எடுக்க முடியாது. நிவேதா உன்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் ஆட்களை நகர்த்தினாள்.

இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். உனக்காகச் செய்தேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய்யில்லை. ஆனால் மேட்டின் மேல் குதிரைகள் ஏறி நின்றபோது என் நெஞ்சு நிமிர்ந்ததே, அது என் கெட்டிக்காரத்தனத்துக்காக நிமிர்ந்தது. உன்னைவிட எனக்கு ஆட்டம் தெரியும் என்று ஒரே ஒரு தடவை காட்டிவிட்ட சந்தோஷம். அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

முடிவுத் தாளில் இரண்டு ஆட்டக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். உனக்காக நான் போட்டேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கை விளங்காதவர்கள் வந்தால், பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானுங்களா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகுதான் கைநாட்டு. வாசித்துக் காட்டிச் சரியென ஒப்புக்கொண்டார் என்று கடைசியில் ஒரு வரி எழுதுவேன். அதில் ஒருநாளும் நான் ஏமாற்றியதில்லை. உனக்கு மட்டும் வாசித்துக் காட்டவில்லை.

பரிசு கொடுக்கும்போது நடுவர் கேடயத்தை உன் மடியில் வைத்து, மைக்கை உன் வாயருகே பிடித்தார். கூடமே எழுந்து நின்றது. நீ மூச்சை இழுத்துப் பிடித்துப் பேசினாய். அவ்வளவு நீளமாக நீ பேசி மாதக்கணக்காகியிருந்தது.

"இத நான் ஆடல. குதிரைய நான் அங்க வைக்கச் சொல்லல."

நடுவர் என் பக்கம் திரும்பினார். "என்னங்க சொல்றாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "எல்லாருக்கும் நன்றி சொல்றாருங்க."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்தாய்.

திரும்பி வரும் வழியில் காரில் பிள்ளைகள் கேடயத்தை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். வீட்டு வாசலில் உன்னை இறக்கும்போது, "அத நீ எடுத்துட்டுப் போ" என்றாய். நீ என் மேல் வைத்த பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டு டிவி ஸ்டாண்டில் வைத்து, வந்தவர் போனவரிடமெல்லாம் உன் கதையைச் சொன்னேன். மேட்டின் மேல் குதிரை ஏறியதை நீயே யோசித்ததாகச் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பாதி எனக்கே நிஜமாகிவிட்டது.

பதினோரு மாதம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, ஸ்டெல்லா போன் செய்தாள். உன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். பங்குச் சாமியார் உன்னைப் பற்றிப் பேசுகையில் போட்டியைக்கூடச் சொன்னார், நோயோடு போராடி ஜெயித்தவர் என்று. தகவல் கொடுத்தது நான்தான்.

நேற்று பெட்டியின் அடித்தட்டை எடுத்தபோது அந்த முடிவுத் தாளின் நம் நகல் மடித்துக் கிடந்தது. உன் பெயருக்கு நேரே என் கையெழுத்து. கீழே நிவேதாவின் பெயரும் போன் நம்பரும். அரிமளத்துக்காரரை நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கொட்டகையின் படுதாவை இறக்கிவிட்டு, பட்டப்பகலில் இருட்டுக்குள் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னதும் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. நீ போய்விட்டதைச் சொன்னேன்.

"அன்னிக்கு மைக்ல அவன் நன்றி சொல்லலம்மா" என்றேன். "அவன் சொன்னது வேற."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"குதிரைய அங்க வைக்கச் சொல்லலன்னாரு. நான் பக்கத்துலதான நின்னேன். எனக்கு நல்லா கேட்டுச்சு. ஊசி போட்டு மரத்துப்போன வாயோட பேசுறவங்க பேச்சத்தான சார் நான் நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். ஜெயிக்க வேண்டியவள் அவள்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவரு என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனாரு, வேணாம்னு. செஞ்சத நீங்களே அவருகிட்டச் சொல்லுவீங்கன்னு நெனச்சாரு போலருக்கு." பிறகு அவளே கேட்டாள்: "அப்பறம் சொன்னீங்களா சார்?"

இல்லை என்றேன். கேடயத்தை அனுப்பிவைக்கிறேன் என்றதற்கு, "அதெல்லாம் வேணாம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. பதினோரு மாதமும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் நீ கண்ணாலேயே டிவியை அணைக்கச் சொல்வாய். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பச் சொல்வாய். ஸ்டெல்லாவைக் காபி போடச் சொல்வாய். நீயும் நானும் மட்டும் இருப்போம். நீ ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய். சத்தம் உனக்கு ஆகவில்லை, களைப்பு என்று நினைத்தேன். உன்னைக் கலகலப்பாக வைக்க வேண்டும் என்று ஊர்க் கதை, ஆபீஸ் கதை எல்லாம் பேசித் தீர்ப்பேன். கதை தீர்ந்துபோனால் எழுந்துபோய் டிவியைப் போட்டுவிடுவேன்.

உன் மனதில் இருப்பது எனக்குத்தான் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், எதிரே உட்கார்ந்து நீ காத்திருந்தது தெரியாமல் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். மேட்டில் குதிரையை வைத்ததைவிட, மைக்கில் பொய் சொன்னதைவிட, இதுதான் எனக்குத் தாளவில்லை. கேட்டால் நான் கூனிக்குறுகிப் போவேன் என்று நீ கேட்கவில்லை. சொல்லிவிடுவான் என்று ஒவ்வொரு வாரமும் எனக்காக அந்த அறையைக் காலி செய்து வைத்தாய்.

இப்போது சொல்கிறேன். தோப்புக்குப் பின்னால், பீரங்கிக்கு என்று நீ சொன்னாய். எனக்குக் கேட்டது. நான் வேண்டுமென்றே மாற்றி வைத்தேன்.

மன்னித்துவிடு என்று இதன் கீழே எழுதத்தான் கை போகிறது. எழுதினால், அதற்கு நீ என்ன சொல்வாய் என்பதையும் நானே முடிவு செய்து, உன் சார்பில் அடுத்த வரியாக எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது.